தள்ளுறதுக்கு மட்டும்

— நான் கதைக்க வரல்ல, தள்ளத்தான் வந்தன். கைய அங்கால எடு, அக்கா.

— நானும் உன்னக் கதைக்கக் கூப்பிடல்லடி, தனுஷியா. கார் கிளம்பல்ல, கூப்பிட்டன். ஒழுங்கையில ஆம்புளயள் எல்லாம் வெள்ளன வயல் வட்டைக்குப் போயிட்டாங்க. இல்லாட்டி உன்ட வேலிப் பக்கம் ஏன் திரும்பப் போறன்?

— பொறுங்க, பொறுங்க. ரெண்டு பேரும் வாயால தள்ளாதீங்க. யசோ, நீ இடப்பக்கம். மச்சாள், நீங்க வலப்பக்கம். ரெண்டாம் கியர்ல போட்டிரிக்கன். கார் ஓடத் தொடங்கினவொடன கிளச்ச விடுறன்.

— நேத்தும் இதத்தான் சொன்னீங்க, மச்சான். கந்தோருக்குப் போற பெரிய ஆள் மாதிரி உள்ளுக்க இரிக்கிறீங்க.

— கந்தோருக்கு வேலைக்குத்தானே மச்சாள் போறன். கிரான் வரைக்கும் நடக்க ஏலுமா?

— இந்த ஒரு கிழமையா விடிஞ்சா இதுதான் வேல. மெக்கானிக் பார்த்திட்டு ஒரு பிழையும் இல்ல எண்டுறான். இவரும் காலமைக்கு பொனட்டத் திறந்து பார்த்திட்டு, ஒண்டும் விளங்கல்ல எண்டு மூடுறார். பின்னேரம் நல்லா ஓடிவாற கார் விடியக்குள்ள செத்துக் கிடக்கு. ஆரோ கண்வெச்சிட்டாங்க.

— என்னப் பார்த்துச் சொல்லாத.

— தள்ளுங்க, தள்ளுங்க! இன்னும் கொஞ்சம்... விட்டன்!

— என்ன, இருமிப்போட்டு நிண்டிட்டுது?

— திரும்பயும் ஒருக்கா. ஆத்தடிக்கு இன்னும் தூரம் இரிக்கு.

— பிரேக்க மறந்து ஆத்துக்க இறக்கிப்போடாதீங்க! கொஞ்சம் மூச்சு வாங்கட்டும்.

— இப்படிக் களைக்கிறாய், அக்கா. ஒண்டும் தின்னல்லயா?

— இந்த நேரத்தில ஆரு தின்னுற? விதுர்ஷா கேக்கிறாள், சின்னம்மா ஏன் நம்மட வீட்டுக்கு வாறல்ல எண்டு. பிள்ளைக்கு நான் என்ன சொல்ல?

— உண்மையச் சொல்லு. நீ பெரியபிள்ளையான சாமத்திய வீட்டுக்கு சின்னம்மாவ நான் கூப்பிடல்ல எண்டு சொல்லு.

— கூப்பிடல்லயா? மெசேஜ் போட்டன்தானே.

— மெசேஜ்! வேலிக்கு அங்கால இரிக்கிற தங்கச்சிக்கு ஃபோன்ல அழைப்புக் காட். மாங்கேணியில இரிக்கிற ஆளுக்கும் அதே காட். ‘தங்கள் வருகையை அன்புடன் எதிர்பார்க்கிறோம்.’ எப்ப இருந்து என்னோட இப்படிக் கதைக்கிறாய்?

— எல்லாருக்கும் ஒண்டா அனுப்பினதுடி. நீ வீட்டாள். வீட்டாளுக்கு ஆரு வெத்தில வெச்சுச் சொல்லுற? எல்லாருக்கும் முந்தி வந்து நிப்பாய் எண்டு நினைச்சன்.

— வெத்தில வேணாம். வேலிக்கு மேலால ‘தனு, வாடி’ எண்டு ஒரு சத்தம் போட்டாக் காணும். சீலையும் உடுத்திட்டு, அந்தச் சத்தத்துக்காகக் குசினிக்க நிண்டன்.

— தண்ணி வார்க்கக்குள்ள மாமிக்குத் தொண்ட கட்டிப்போச்சு. நாக்கச் சுழட்டிக் குரவை போட ஆளில்லாம எல்லாரும் முழுசிக்கொண்டு நிண்டாங்க. அப்ப வேலிப் பக்கத்தால ஒரு குரவை கேட்டுது.

— அது ஆரோ.

— உன்ட குரவை எனக்குத் தெரியாதா? அம்மாட அதே இழுவ. அழுதிட்டன், தனு. பிள்ளைக்காக அழுறாள் எண்டு எல்லாரும் நினைச்சாங்க.

— மறுகா ஏன் வந்து ஒரு சொல்லுச் சொல்லல்ல?

— மூஞ்சில அடிச்ச மாதிரிக் கதவச் சாத்துவாய் எண்டு பயம்.

— பொம்புளயள், நான் இன்னும் காருக்குள்ளதான் இரிக்கிறன்.

— இரிங்க மச்சான், எங்க போறீங்க? தள்ளுக்கா!

— தள்ளுறன்டி!

— விட்டன்... பிடிச்சிட்டுது! பிடிச்சிட்டுது!

— அப்பாடா. கையெல்லாம் புழுதி. வா, கழுவிப்போட்டு இடியப்பம் தின்னு. சம்பல் அரைச்சிரிக்கன்.

— தள்ளுறதுக்கு மட்டும்தான் வந்தன் எண்டு சொன்னன்தானே.

— அடியேய் தனுஷியா! என்ட வீட்டுக்கு வாடி! போதுமா? இன்னும் கத்தவா?

— காணும், காணும், ஊர் கூடப்போகுது. நீ போய்த் தேத்தண்ணிய ஊத்து. எனக்குச் சீனி குறைய. வாறன்.

— மச்சாள், ஒருக்கா நில்லுங்க. அக்கா உள்ளுக்க போயிட்டாவா?

— ஓம். என்ன மச்சான்?

— இனி விடியச்சாமத்தில வந்து காருட பெட்டறி வயர இளக்க வேணாம். நீங்க வாறத்துக்கு முதல் எழும்பி, குலைக்காம நாயப் புடிச்சுக் கட்டியே நான் களைச்சுப்போனன்.