ஒரே பக்கம் ஓடும் கரண்ட்

மாட்டுக் கொட்டகையில் நல்ல வெளிச்சம் இருந்தால் பால் கறப்பது பாதி வேலைதான், ஷெரீப் ஐயா. எங்கள் பண்ணையில் என் கணவர் ஹால்வோர் தன் கையாலேயே அமைத்த காற்றாலை இருந்தது. அது பாட்டரிகளை நிரப்பும், அவற்றிலிருந்து டி.சி. கரண்ட் வரும். விளக்கு எரியாவிட்டால் அவர் கம்பியை விரலால் பிடித்துப் பார்ப்பார். "கன்னுக்குட்டி நக்குற மாதிரி இருக்கு, ராக்னா" என்று சிரிப்பார்.

அக்கம்பக்கத்துப் பண்ணைகள் எல்லாம் கூட்டுறவுச் சங்கத்தின் ஏ.சி. லைனை வாங்கின. இவர் மட்டும் மறுத்தார். "டகோட்டாவுல காத்துக்கா பஞ்சம்? எவன்கிட்டயும் கையேந்த மாட்டேன்."

ஜனவரியில் எங்கள் மகள் இங்கா குறைமாதத்தில் பிறந்தாள். சாலை பனியில் மூடிக் கிடந்தது. ஒரு பெட்டிக்குள் பல்பை எரியவிட்டு, அந்தச் சூட்டில் அவளை வைத்திருந்தோம். காற்று நின்றது. பாட்டரி தீர்ந்தது. மார்போடு அணைத்துக்கொண்டேன், என் சூடு போதவில்லை.

வசந்தத்தில் அவரே போய் லைன் கேட்டுவிட்டு வந்து, என் மடியில் முகம் புதைத்து அழுதார். நான் தலையைக் கோதிக்கொடுத்தேன். அதில் பொய் இல்லை.

ஐவர் என்ற லைன்மேன் வந்து கொட்டகைக்கு இணைப்புக் கொடுத்தபோது ஹால்வோர் வயலில் இருந்தார். "பழைய கரண்ட் ஒரே பக்கமா ஓடும், பலமும் கம்மி. இது நொடிக்கு அறுபது தடவை முன்னும் பின்னும் அலையும்மா. புடிச்ச கையை விடாது. வீட்டுக்காரர்கிட்ட சொல்லிடுங்க. ஏதாவதுன்னா கதவோரத்து சுவிட்சை இறக்குங்க" என்றான்.

அதை அவரிடம் சொல்ல மறந்துவிட்டேன் என்று உங்கள் விசாரணையில் முதலில் சொன்னேன். மறக்கவில்லை.

"லைன்காரங்க வந்தாங்களா?" என்று கேட்டபடி வந்தார்.

"நாளைக்குத்தானாம். கொட்டகையில லைட்டு எரியல, கொஞ்சம் பாருங்க."

அந்த லைன்மேன் போனதும் சுவிட்சை இறக்கி, விளக்கின் கம்பியைப் பிரித்துவிட்டு, மறுபடி ஏற்றியது நான்தான். தரையைக் கழுவியதும் நான்தான். ஹால்வோர் ஈரக்கையோடு அந்தக் கம்பியைப் பிடித்தார்.

கை விடவில்லை. வாயும் திறக்கவில்லை. கண்கள் மட்டும் என்னைத் தேடின. சுவிட்ச் என் தோளருகே இருந்தது. அவரையே பார்த்துக்கொண்டு நின்றேன். இவரும் என்னைத் தனியாக விட்டுப் போய்விடக் கூடாது என்று, அப்போதும் கர்த்தரிடம் மனமுருகி வேண்டிக்கொண்டுதான் இருந்தேன்.