புரட்டாத மெத்தை

இரவு பத்து மணி இருக்கும். கடற்கரை ஊரிலிருந்து மலைக்கு ஏறும் சாலை. இரண்டு பக்கமும் மூங்கில், நடுவில் ஈரமண்... ஆள் நடமாட்டமே இல்லை. கடைசி வேன் பாலத்தோடு இறக்கிவிட்டுத் திரும்பிவிட்டது. ஐவரின் செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு தனியாக ஏறி வந்தாள்.

நம் டெஸ்மண்டின் அத்தைதான் அவள். அவனைக் கேட்டால் வாயைத் திறக்க மாட்டான், அதனால் நான் சொல்கிறேன். ரம் பாட்டிலை இந்தப் பக்கம் தள்ளுங்கள். செத்தவர்களுக்கென்று முதல் சொட்டைத் தரையில் விட்டீர்களா? சரி... நெருங்கி உட்காருங்கள்.

அன்றைக்கு அவளுக்குப் பயம் இல்லை. வயிறு எரிந்துகொண்டிருந்தவளுக்குப் பயம் எங்கிருந்து வரும்? சாயங்காலம் வக்கீல் சொன்னதையே மனம் மென்றுகொண்டிருந்தது.

"உயில்ல வீடு உனக்குத்தான்னு தெளிவா எழுதியிருக்கு, ஐவரின். ஆனா சாட்சிக் கையெழுத்தும் நீதானே போட்டிருக்க?"

"ஆமா சார். அன்னிக்கு பாஸ்டர் மட்டும்தான் வந்திருந்தாரு. இன்னொரு ஆள் வேணும், நீயே போடுன்னாரு பெரியப்பா. போட்டேன்."

"சாட்சி போட்டவங்களுக்கு அந்த உயில்ல எதுவும் சேராதும்மா. அது சட்டம். வீடு மகனுக்குப் போயிடும்."

வக்கீல் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"எனக்கு ஒண்ணுதான் புரியல. லாசெல்ஸ் காலமெல்லாம் கோர்ட்டுல குமாஸ்தா. இந்த ஜில்லாவுல பாதி உயில் அவர் கை பட்டுப் போனதுதான். அவருக்கா இது தெரியாது?"

அந்தக் கேள்விதான் அவளோடு மலையேறி வந்தது.

லாசெல்ஸ் அவளுடைய பெரியம்மாவின் கணவர். பெரியம்மா போன பிறகு பக்கவாதம் வந்து படுத்தார். மகன் கார்ல்டன் டொராண்டோவில். பதினோரு வருஷம் அவரைக் கழுவியது, துடைத்தது, புண் வராமல் புரட்டிப் போட்டது எல்லாம் ஐவரின்தான். கட்டிக்கொள்ளக் காத்திருந்த வாழைத்தார் லாரிக்காரன் காத்துக் காத்துச் சலித்து வேறு இடம் பார்த்துக்கொண்டான். அவள் கிளம்புகிறேன் என்று சொல்லும்போதெல்லாம் கிழவர், "வீடு உனக்குத்தான்டி கண்ணு" என்பார். அவள் கட்டிய பெட்டியைத் திரும்பப் பிரித்துவிடுவாள்.

கட்டில் ஓரத்தில் ஒரு பித்தளை மணி வைத்திருந்தார். ஒரு முறை அடித்தால் தண்ணீர். இரண்டு முறை அடித்தால்... புரட்டு. செத்ததும் அந்த மணியைச் சவப்பெட்டியில் அவர் கைக்கடியில் வைத்து அனுப்பியவள் அவளேதான். இனி அந்தச் சத்தமே கேட்கக் கூடாது என்று. வீட்டு முற்றத்திலேயே குழி. மேலே சிமெண்டு போட்டு மூடியாயிற்று.

அன்று அவர் செத்து ஒன்பதாம் இரவு. அவள் வீட்டை எட்டியபோது டோமினோ கட்டைகளை மேஜையில் அறைகிற சத்தம், வறுத்த மீன் வாசனை, பாட்டு. நடுராத்திரிக்குச் செய்ய வேண்டியது உங்களுக்குத் தெரியும். செத்தவர் மெத்தையைப் புரட்டி, கட்டிலை இடம் மாற்றிப் போட வேண்டும். வந்து பார்க்கிற ஆவி, இது நம் வீடு இல்லை என்று போய்விடும்.

பக்கத்து வீட்டு பேர்லீன் எழுந்தாள். "நேரமாச்சு. வாங்கடி, மெத்தையைத் தூக்கலாம்."

ஐவரின் வாசற்படியில் குறுக்கே நின்றாள். "நான் பாத்துக்கறேன்க்கா. நீங்க கிளம்புங்க."

"தனியாவா? அதெல்லாம் தனியாச் செய்யற வேலையா?"

"பதினோரு வருஷம் அவரைத் தனியாத்தானே புரட்டினேன்? மெத்தை என்ன, கனமா?"

பேர்லீன் தலையை ஆட்டிக்கொண்டே படி இறங்கினாள். எல்லோரும் போனார்கள். சாவுக்கு வந்திருந்த கார்ல்டன் மட்டும் கடைசி மீன் துண்டைச் சப்பிக்கொண்டிருந்தான்.

"அண்ணே, நீ பெரியப்பா ரூம்லயே படுத்துக்கோ. இப்ப உன் வீடுதானே."

"வக்கீல் சொல்லிட்டாரா? நல்லது. வித்துடப் போறேன் ஐவி. மாசக் கடைசிக்குள்ள உன் சாமான எடுத்துக்கோ. பாவம், வேணும்னா வண்டி வாடகை நான் தர்றேன்."

அவள் சிரித்தாள். மெத்தையைத் தொடவில்லை. கட்டிலை நகர்த்தவில்லை. விரிப்பைக்கூட அவர் விட்டுப்போனபடியே இழுத்துவிட்டு, விளக்கைக் குறைத்து, கார்ல்டன் உள்ளே போய்ப் படுத்ததும் கூடத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தாள். அவர் வர வேண்டும். வந்து பதில் சொல்ல வேண்டும். அவளுக்கு வேண்டியது அவ்வளவுதான்.

மரத்தவளைகள் கத்திக்கொண்டே இருந்தன... சட்டென்று நின்றன.

முற்றத்தில் மணி. முதலில் அடைத்த மாதிரி... சிமெண்டுக்கு அடியிலிருந்து. அப்புறம் கொஞ்சம் தெளிவாக. அப்புறம் ஜன்னல் பக்கம். கற்பூரத் தைலமும் மூத்திரமும் கலந்த வாடை கூடத்துக்குள் வந்தது. எந்தக் கதவும் திறக்கவில்லை.

இப்போது அறைக்குள் மணி.

அவள் கால் தானாக எழுந்துவிட்டது, கேட்டீர்களா? யோசிப்பதற்குள் அறை வாசலுக்குப் போய்விட்டாள். பழக்கம் அப்படி. அங்கே தன்னைப் பிடித்து நிறுத்திக்கொண்டு, மூடிய கதவைப் பார்த்துக் கேட்டாள்.

"பெரியப்பா... என்னைக் கையெழுத்துப் போடச் சொன்னப்ப உங்களுக்குத் தெரியுமா, தெரியாதா? அத மட்டும் சொல்லிட்டுப் போங்க."

உள்ளே யாரோ இழுத்து இழுத்து மூச்சு விடுகிற சத்தம்...

பிறகு மணி. இரண்டு முறை. பொறுமை இல்லாமல்.

கதவைத் தள்ளிக்கொண்டு கார்ல்டன் வெளியே விழுந்தான். கால்சட்டை முழங்கால்வரை நனைந்திருந்தது.

"நனைச்சது நான் இல்ல ஐவி... சத்தியமா நான் இல்ல. படுக்கை... பக்கத்துல ஜில்லுன்னு... என் காதுகிட்ட, 'புரட்டு, புரட்டு'ன்னு..."

செருப்புகூடப் போடாமல் சாலைக்கு ஓடினான். விடிகிறவரை பாலத்தில் உட்கார்ந்திருந்து முதல் வேனில் போனவன், அதற்கப்புறம் இந்தத் தீவில் கால் வைக்கவில்லை. டொராண்டோவிலிருந்து வீட்டை அவள் பேருக்கே எழுதி அனுப்பிவிட்டான். "அந்த வீட்ட நீயே கட்டிக்கிட்டு அழு" என்றானாம்.

ஆக, வீடு கிடைத்தது.

மறுநாளே பேர்லீன் வந்து மெத்தையைப் புரட்டிப் பார்த்தாள். கட்டிலை மாற்றிப் போட்டார்கள். மெத்தையையே எரித்தார்கள். ஒன்பதாம் இரவு தாண்டிவிட்டால் தாண்டியதுதான், ஒன்றும் பலிக்கவில்லை, ராத்திரி மணி நின்றபாடில்லை. வேறெங்காவது போய்விடு என்று டெஸ்மண்ட் கெஞ்சினான்.

"எங்கடா போறது? இது என் வீடு. அவரும் இன்னும் பதில் சொல்லலியே" என்றாளாம்.

அவ்வளவுதான் எனக்குத் தெரியும். மற்றதை நீங்களே பார்த்துக்கொள்ளலாம். காலையில் வேன் பிடிக்கப் போகும்போது மேட்டு வீட்டுப் பக்கம் திரும்பிப் பாருங்கள். ஐவரின் அங்கே தனியாகத்தான் இருக்கிறாள். அந்தக் கட்டிலில் யாரும் படுப்பதில்லை. ஆனாலும் தினமும் கொடியில் ஒரு படுக்கை விரிப்பு சொட்டிக்கொண்டிருக்கும்... அப்போதுதான் துவைத்தது.