செல்வினுக்கு மட்டும் ரெண்டு

பிறர் பேச்சை ஒட்டுக்கேட்பது தவறு என்று தெரிந்தேதான் கேட்டேன். பாளையங்கோட்டையிலிருந்து டவுணுக்கு வரும் பேருந்தில், என் முன் இருக்கையில் இரண்டு இளைஞர்கள் இருந்தார்கள். புதுக் கம்ப்யூட்டருக்கு வாங்கிய பாகங்கள் ஒருவன் மடியில் அட்டைப்பெட்டியில் இருந்தன. அதைத் திறந்து, ராம் என்னும் மெமரி பட்டையை எடுத்துப் பார்த்தவன் திடீரென்று கேட்டான்.

"ஏலே, நம்ம செல்வினுக்கு ரெண்டு ராம் வாங்கிக் குடுத்திருக்க. எனக்கு மட்டும் ஒண்ணா?"

"அவனுக்கு எட்டு ஜிபியில ரெண்டு. ஒனக்கு பதினாறு ஜிபியில ஒண்ணு. மெமரி ஒரே அளவுதாம்லே."

"அவன் பெட்டி கண்ணாடி போட்டது. உள்ள ரெண்டும் கலர் கலரா எரியுது. எனக்கு ராம் சொருகுற ஒரு இடம் காலியால்லா கெடக்கும்?"

"நீ கணக்கு எழுதப் போறியா, வேடிக்கை பாக்கப் போறியா?"

"அவன்கூட நாலு கடை ஏறி இறங்குனியாமே. என்கூட ஒரே கடையில முடிச்சிட்ட."

சொல்லிவிட்டு அட்டைப்பெட்டியைப் பட்டென்று மூடினான். நானாக இருந்தால் சிரித்திருப்பேன். நண்பன் சிரிக்கவில்லை.

"அவனுக்கு ரெண்டு இடமும் நிறைஞ்சு போச்சுலே. இனி என்னைக் கூப்பிட மாட்டான். ஒனக்கு பொறவு இன்னொண்ணு போடணும்லா? அதுக்கு நான்தானே வரணும்."

வண்ணார்பேட்டை தாண்டியதும் பெட்டி வைத்திருந்தவன் சொன்னான்.

"வந்தா எங்க வீட்டுலதான் சாப்பிடணும்."

"சாப்பிடுதேன்."

"அவன் வீட்டுல சாப்பிட்டியோ?"

"காப்பி மட்டுந்தாம்லே குடிச்சேன்."

"அப்ப காப்பி குடிச்சிருக்க" என்று அவன் அட்டைப்பெட்டியைத் தூக்கி நண்பன் மடியில் வைத்துவிட்டு, சன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.