பின் சீட்டில் யாராவது உட்காருவார்களா?

மணி நாலே முக்கால். சாயங்காலம்தான்... ஆனால் நவம்பரில் நம் பக்கம் நாலே முக்கால் என்றால் வெளிச்சம் எவ்வளவு இருக்கும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கிரேலிங்கிலிருந்து மயோ போகிற சாலை. இரண்டு பக்கமும் பைன் மரம். முன்னால் வண்டி இல்லை, பின்னால் வண்டி இல்லை. ஓர் ஆரஞ்சு நிறக் கார் மட்டும் ஓரமாக நிற்கிறது. எஞ்சின் ஓடுகிறது. ஓட்டுகிறவர் பக்கத்துக் கதவு திறந்து கிடக்கிறது. இருபதடி தள்ளி, பனிக்குள், ஐந்து வயதுப் பேத்தியைக் கோட்டுக்குள் இறுக்கிக்கொண்டு நிற்கிறான் ராய்ஸ். காரையே பார்க்கிறான்... கிட்டே போகவில்லை.

ராய்ஸ் யார் என்கிறீர்களா? அதோ, அடுப்பை ஒட்டி உட்கார்ந்து உலர்ந்த மான்கறியை மென்றுகொண்டிருக்கிறானே டெல்பெர்ட், அவனுடைய பெரியப்பா மகன். என்னோடு பட்டறையில் பதினோரு வருஷம் டிங்கரிங் வேலை பார்த்தவன். நான் சொல்வது பொய்யென்றால் டெல்பெர்ட்டே சொல்லட்டும்.

"பொய்யில்லப்பா. ஆனா எனக்கு இதக் கேக்கவே பிடிக்கல. சீக்கிரம் சொல்லி முடி."

கேபின் கதவை நன்றாகச் சாத்துங்கள், குளிர் வருகிறது. விடிந்தால் மான் வேட்டை ஆரம்பம். நானும் இழுக்கப் போவதில்லை.

எனக்கு அந்தக் காரை முதல் நாளே பிடிக்கவில்லை. மூன்று வருஷத்துக்கு முன்னால் செய்துவிட்டு ஐம்பது வருஷப் பழசு மாதிரி முகத்தை வைத்துக்கொள்கிற எதையும் நான் நம்புவதில்லை. ஆனால் உள்ளதைச் சொல்ல வேண்டும்... அழகு. ராய்ஸுக்குப் பதினேழு வயதில் பக்கத்து வீட்டுக்காரன் ஒரு கார் வைத்திருந்தான். இது அதன் அச்சு அசல். பொத்தானை அமுக்கினால் நெஞ்சுக்கூடு அதிரும். பெட்ரோல் பங்கில் நிறுத்தினால் கிழவர்கள் காபிக் கோப்பையோடு வந்து சுற்றிச் சுற்றிப் பார்ப்பார்கள். அந்த உறுமலில் பாதிதான் எஞ்சினுடையது, மீதியை ஸ்பீக்கரில் போடுகிறார்கள் என்று நான் சொன்னதற்கு ராய்ஸ் என்னோடு இரண்டு நாள் பேசவில்லை.

குறை? பெட்ரோலைக் குடிக்கும். பனியில் பின்பக்கம் தன் இஷ்டத்துக்குப் போகும். ஜன்னல்கள் ஒடுங்கியவை. கூரையைத் தாங்கும் பின்பக்கத் தூண்கள் ஃப்ரிட்ஜ் கதவு கனம். கழுத்தைத் திருப்பினால் தூண்தான் தெரியும், வேறொன்றும் தெரியாது. பின் சீட் ஒரு குழி. கதவோ இரண்டே இரண்டு. பின்னால் இருக்கிறவர் இறங்க வேண்டுமானால் முன் சீட்டின் முதுகை மடக்க வேண்டும். 'டக்' என்று மடங்கும்... பிறகு மோட்டார் 'ங்ஙீ' என்று முனக, சீட் தானாக முன்னால் நகர்ந்து வழிவிடும். இந்தச் சத்தத்தை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

ஸ்டாண்டிஷ் பக்கம் ஒரு வீட்டில் ஓர் அம்மாளிடம் வாங்கினான். அந்த அம்மாள் விலையில் பேரமே பேசவில்லை. காரின் பக்கத்திலும் வரவில்லை. வாசற்படியிலேயே நின்றுகொண்டு ஒன்றே ஒன்று கேட்டாளாம்.

"பின் சீட்ல யாராச்சும் உக்காருவாங்களா?"

"அதுலயா? கால் இல்லாதவங்கதான் உக்கார முடியும்!" என்று ராய்ஸ் சிரித்தான்.

அவள் சிரிக்கவில்லை. சாவியைக் கொடுத்துவிட்டு உள்ளே போய்க் கதவைத் தாழ் போட்டுக்கொண்டாள். அதற்காவது நம் ஆளுக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. காரைப் பார்த்த கண் வேறெதையும் பார்க்கவில்லை. இருந்த நாலு கதவுக் காரையும் விற்றுவிட்டான்.

இரண்டாம் நாள் காலை... ஓட்டுகிறவருக்குப் பக்கத்து சீட் மடங்கி இருந்தது.

கார் பூட்டியபடியே இருக்கிறது. ஆனால் முன் சீட்டின் முதுகு சாய்ந்து, சீட் முன்னால் நகர்ந்து, யாரோ பின்னாலிருந்து இறங்கிப் போனது போல. நேராக்கி வைத்தான். மறுநாள் காலை மறுபடியும். உள்ளே ஒரு வாடை வேறு... நனைந்த கம்பளி, அதோடு கொஞ்சம் பெப்பர்மின்ட்.

ராய்ஸுக்குச் சந்தேகம் வந்தது. பேய் மீது இல்லை, மாப்பிள்ளை மீது. மகள் டெஸ்ஸாவின் புருஷன் கோடி. மரம் அறுக்கும் மில்லில் வேலை. "ஒரு ரவுண்டு குடுங்க மாமா" என்று அவன் கேட்டதற்கு ராய்ஸ் மறுத்திருந்தான். இன்னொரு சாவி டெஸ்ஸா வீட்டில் இருந்தது. அவ்வளவு போதாதா? பையன் ராத்திரியில் காரை எடுத்துக்கொண்டு கூட்டாளிகளை ஏற்றிக்கொண்டு திரிகிறான் என்று முடிவே கட்டிவிட்டான். ஓடிய மைலைக் குறித்து வைத்தான்... ஒரு மைல்கூடக் கூடவில்லை. கதவிடுக்கில் டேப் ஒட்டினான்... டேப் பிரியவில்லை. சீட் மட்டும் மடங்கியிருந்தது.

"அப்ப மைல் மீட்டரையும் திருப்பி வைக்கிறான் திருட்டுப் பய" என்று என்னிடம் சொன்னான். எனக்கோ அவன் மீதே சந்தேகம். ராத்திரி ஊற்றிக்கொண்டு தானே மடக்கிவிட்டு மறந்துபோகிறானோ என்று நினைத்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மகள் வீட்டில் சாப்பாட்டு மேஜையில் வைத்தே கேட்டுவிட்டான். கோடி முகம் சிவந்து எழுந்து போனான். டெஸ்ஸா அந்தச் சாவியைக் கொண்டுவந்து அப்பாவின் தட்டுக்குள்ளேயே போட்டாள். "இனிமே பைப்பரப் பாக்கணும்னு இங்க வராதீங்கப்பா" என்றாள். பைப்பர்தான் அந்தப் பேத்தி. பெண்டாட்டி போன பிறகு ராய்ஸுக்கு உலகத்தில் இருந்தது அந்தப் பிள்ளை ஒன்றுதான். மூன்று வாரம் பார்க்கவில்லை. பட்டறையில் கையில் சுத்தியலை வைத்துக்கொண்டு சும்மா நிற்பான். எனக்கே பாவமாக இருந்தது.

பிறகு முதல் பனி விழுந்தது. காலையில் பார்க்கிறான்... கூரையிலிருந்து கதவு வரை மூன்று விரல் கனத்துக்குப் பனி, ஓர் இடத்திலும் கலையவில்லை. தரையில் ஒரு தடம் இல்லை. கண்ணாடியைத் துடைத்து உள்ளே பார்த்தான். சீட் மடங்கியிருந்தது.

கோடி இல்லை என்று அன்றைக்குத்தான் அவனுக்குப் புரிந்தது. வேறு யார் என்று யோசிக்க அவனுக்குத் தைரியம் இல்லை.

அன்றைக்கே டெஸ்ஸாவின் போன். அவள் கார் பழுது. முதியோர் இல்லத்தில் வேலையை விட்டு வர முடியாது. "பைப்பரப் பள்ளிக்கூடத்துலருந்து கூட்டிட்டு வந்து வீட்ல விட முடியுமாப்பா?" மூன்று வாரத்துக்குப் பிறகு மகள் கேட்ட முதல் வார்த்தை. முடியாது என்பானா? எந்த முகத்தோடு காரணம் சொல்வான்?

ஓட்டுகிறவர் சீட்டை மடக்கி, பின்னால் குழந்தை சீட்டை வைத்து, பைப்பரை உட்காரவைத்து பெல்ட் போட்டான். அவள் முகத்தைப் பார்த்ததும் எல்லாம் மறந்துவிட்டது என்கிறான். பத்து மைல் வந்திருப்பார்கள். பள்ளிக்கூடக் கதை பேசிக்கொண்டே வந்த பிள்ளை சத்தம் போடாமல் இருந்தது. பிறகு மெல்ல...

"தாத்தா... இவங்களக் கொஞ்சம் தள்ளி உக்காரச் சொல்லு."

பெப்பர்மின்ட் வாடை. குப்பென்று.

கண்ணாடியில் பார்த்தான். பின் சீட் தெரியவில்லை. பைப்பரின் குல்லா உச்சியில் இருக்கும் நூல் குஞ்சம் மட்டும் தெரிந்தது. அது தூணோடு தூணாக ஒட்டியிருந்தது. பக்கத்தில் யாரோ நெருக்கி உட்கார்ந்தால் பிள்ளைகள் ஒதுங்குவார்களே, அப்படி.

எப்படி நிறுத்தினான், எப்படி அவளை வெளியே இழுத்தான், ஒன்றும் ஞாபகம் இல்லையாம். இருபதடி ஓடித் திரும்பிப் பார்த்தான்.

டக்.

பக்கத்து சீட்டின் முதுகு மடங்கியது... ங்ஙீ... மெதுவாக, மரியாதையாக, முன்னால் நகர்ந்து நின்றது. அந்தப் பக்கத்துக் கதவு திறக்கவில்லை. யாரும் இறங்கியதும் தெரியவில்லை.

போனை எடுத்தான். கூப்பிட இருந்தது ஒரே ஓர் ஆள்.

"என்ன மாமா, இன்னிக்கு என்ன காணோம்? நான் மில்லுலதான் இருக்கேன், சாட்சிக்கு நாலு பேர் இருக்காங்க" என்றான் கோடி.

"நீ தொடலடா. நீ எப்பவுமே தொடல. எந்தம்பி... ட்ரக்க எடுத்துட்டு வா."

அந்தக் குரலைக் கேட்டு அவன் வேறெதுவும் கேட்கவில்லை. இருபத்தைந்து நிமிஷத்தில் வந்தான். பழைய ட்ரக், ஒரே வரிசை சீட், அதன் முதுகை மடக்கினால் பின்னால் ஜாக்கி வைக்கிற இடம். ராய்ஸ் குழந்தை சீட்டைக் கதவோரம் வைக்கப் போனான்.

"அங்க வேணாம் தாத்தா. நான் நடுவுல" என்றாள் பைப்பர்.

அப்பாவை ஒட்டிக்கொள்ள ஆசைப்படுகிறாள் என்று நினைத்தான். நடுவிலேயே வைத்தான். கோடி மாமனாரின் தோளைத் தட்டிவிட்டுக் கிளம்பினான். ராய்ஸ் தனியாகக் காரை ஓட்டி வந்து வீட்டில் நிறுத்தி, சீட்டை நேராக்கினான்.

மறுநாள் காலை... சீட் நேராகவே இருந்தது. வாடை இல்லை. பட்டறைக்கு வந்து என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டான். அப்போது கோடியின் போன்.

"மாமா, பழிக்குப் பழியா? ராத்திரி வந்து என் ட்ரக் சீட்ட எதுக்கு மடக்கி வச்சீங்க?" என்று சிரித்தான்.

ராய்ஸ் சிரிக்கவில்லை. அன்றிலிருந்து தினமும் காலையில் கோடிக்குப் போன் போட்டு, சீட் மடங்கியதா என்றே கேட்கிறான். ஒரு வருஷம் ஆகிறது. "அன்னிக்கு ஒரு நாள்தான் மாமா, அப்புறம் மடங்கவே இல்ல, நீங்க நிம்மதியா இருங்க" என்கிறான் கோடி.

எப்படி நிம்மதியாக இருப்பான்? அவன் காரில் சீட் தினமும் மடங்கியது என்றால், அது தினமும் இறங்கி, தினமும் திரும்ப ஏறியது. மகள் வீட்டு வாசலில் ஒரே ஒரு நாள் மடங்கி, பிறகு மடங்கவே இல்லை என்றால்...

போன வாரம் டெஸ்ஸா சாதாரணமாகத்தான் அப்பாவிடம் சொல்லியிருக்கிறாள். பைப்பர் ராத்திரியில் அடிக்கடி கட்டிலிலிருந்து விழுகிறாளாம். அவ்வளவு பெரிய கட்டில். சுவரோரம் தள்ளிப் படுடி என்றால் கேட்பதில்லையாம்.

"அங்க இடம் இல்லம்மா" என்கிறாளாம்.