கதவின் உள்பக்கப் பொத்தான்

சூப் நூடுல்ஸ் ஆறினால் ஊறிப்போய்விடும், சார். அதனால்தான் முதலில் சாப்பிட்டு முடித்தேன்.

எங்கள் சுவா ஊர் கேமரா ஆலையில் நானும் மினோவா ஓரியேவும் ஒரே வருஷம் சேர்ந்தவர்கள். கேமராவின் மேலே ஒரு திருகு வளையம் இருக்குமே, திருப்பினால் டிக் டிக்கென்று நகருமே, அதை வடிவமைப்பது என் வேலை. கைக்கு எப்படி இருக்கிறதென்று தொட்டுப் பார்த்துச் சொல்வது அவள் வேலை. அவள் அப்பா, தாத்தா எல்லாம் எஞ்சினியர்கள். என் அம்மா வெந்நீர் ஊற்று விடுதியில் குளியலறை கழுவி என்னைப் படிக்க வைத்தாள். எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான்.

நான் செய்த ஒரு வளையத்தைக்கூட அவள் ஏற்றதில்லை. கண்ணை மூடித் திருப்புவாள்.

"கணக்கெல்லாம் சரியாத்தான் இருக்கு ஹோசாகா. ஆனா தகர டப்பா மூடி மாதிரி திரும்புதுடி."

பிரிவுத் தலைவர் உகாய் சிரிப்பார். "இறுக்கம் அளக்கிற உன் மீட்டரைத் தூக்கிப் பரண்ல போடும்மா. மினோவா விரல் சொன்னா சொன்னதுதான்."

எல்லாரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். இந்தக் குளிர்காலத்தில் அவள் திருப்பியனுப்பிய வளையத்தோடு அந்த வேலையே என் கையைவிட்டுப் போனது.

பனியிலும் கேமரா திரும்ப வேண்டும் என்பதால் உறைகுளிர் அறையில் சோதிப்போம். மற்றவர்கள் கையுறையோடு போவார்கள். அவள் மட்டும் கையுறையை வெளியே கொக்கியில் மாட்டிவிட்டுப் போவாள். "கையுறை பொய் சொல்லும்டி" என்பாள். சாப்பாட்டு மணிக்குச் சற்று முன்னால், தனியாக.

கதவு மூடினால் தாழ் தானாக விழும். உள்ளேயிருந்து திறக்க, கதவில் ஒரு பொத்தான் உண்டு. அதன் பின்னால் தாழைத் தூக்கும் கம்பியை அறுத்தேன். அபாய மணியின் ஒயரையும் கழற்றினேன். ஆனால் வெறும் பொத்தான் தொளதொளவென்று இருந்தது. அவள் விரலுக்கு உடனே தெரிந்துவிடும். அவள் வேண்டாமென்ற வளையத்தின் ஸ்பிரிங்கை எடுத்து அதற்குள் வைத்தேன். சரியாக வரும்வரை மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தேன்.

அன்று அவள் உள்ளே போனதும் நான் கேன்டீனுக்குப் போய் அவளுக்கும் ஒரு தட்டு எடுத்து வைத்தேன்.

"மினோவா எங்கம்மா?" என்றார் உகாய்.

"வந்துடுவா சார்."

சாப்பிட்டேன். கிண்ணத்தைக் கொண்டுபோய் வைத்தேன். பிறகு நானே போய்க் கதவைத் திறந்தேன். அவள் கைகள் இரும்புக் கதவோடு ஒட்டியிருந்தன. காப்பாற்றியதற்காக உகாய் எனக்கு இடுப்பு வளைத்து வணங்கினார். டாக்டர்கள் அவளுக்குக் கட்டைவிரல்களை மட்டும் விட்டுவைத்தார்கள்.

நேற்று ஆஸ்பத்திரியில் அவளுக்கு ஆப்பிள் நறுக்கி ஊட்டினேன். அப்போது சொன்னாள்: "அந்தப் பொத்தான் எவ்வளவு அழகா அமுங்குச்சு தெரியுமா? திறந்துடுச்சுன்னே நம்பித் திரும்பத் திரும்ப அமுக்கினேன்டி. யாரு செஞ்சாங்களோ, நல்ல கை."

அதனால்தான் போலீஸ் ஸ்டேஷனுக்கு வந்தேன், சார். செய்தது யாரென்று அவளுக்குத் தெரிய வேண்டாமா? ஹோசாகா மிசுஹோ. பெயரைச் சரியாக எழுதுங்கள். காரணம் பொறாமை என்று மட்டும் எழுதாதீர்கள். பொறாமைப்பட அவளிடம் இப்போது என்ன இருக்கிறது?