பெயரில் இருக்கும் குதிரை

தலைமை தாங்கும் ஊர்த்தலைவர் வின்செந்தி அவர்களே, பங்குத்தந்தை அவர்களே, இந்தத் தீயணைப்பு மண்டபத்துக் குளிரிலும் குல்லாயைக் கழற்றி மடியில் வைத்திருக்கும் பெரியவர்களே, ரொட்டிக்கடை வரிசையில் என் பெயரை அடிக்கடி உச்சரிக்கும் தாய்மார்களே, அனைவருக்கும் என் வணக்கம்.

முதலில் ஒரு திருத்தம். குதிரை செத்த துக்கத்தில் இந்த லெயோகாதியா ஊர்ப் பொதுவான கீழ்ப்புல்வெளியில் மண்டியிட்டு ஜெபிக்கிறாள் என்கிறீர்கள். இல்லை. நான் கன்னியர் மடத்துப் பள்ளியில் படித்தவள். ஜெபிக்கும் இடம் எதுவென்று எனக்குத் தெரியும். நான் மண்டியிட்டது இலைகளைப் புரட்டிப் பார்க்க.

என் குதிரை கலினாவை நீங்கள் அறிவீர்கள். கரிய உடல், வெள்ளை மூக்கு. போன கோடையில் அந்த வெள்ளை மூக்கு வெந்து உரிந்தது. "வெயில் சுட்டிருக்கும்மா, புளிச்ச பாலாடை தடவுங்க" என்று கிண்ணம் கிண்ணமாகக் கொண்டுவந்தீர்கள். அந்த அன்பை மறக்க மாட்டேன். ஆனால் அதே வெயில் அவளுடைய கரிய முதுகை ஏன் சுடவில்லை? கேட்டோமா? ஒருவராவது கேட்டோமா? மூக்கைப் பார்த்தோம், அந்த மூக்கு எதை மேய்ந்தது என்று பார்க்கவில்லை. ஈரல் கெட்டுவிட்டது என்று மருத்துவர் சொன்னபோது அவளால் எழுந்து நிற்க முடியவில்லை. ஈரல் கெட்ட குதிரைக்கு வெயிலே விஷம். வெள்ளைத் தோல்தான் முதலில் வேகும். ஈரலைக் கெடுத்தது நாம் விதைத்த மூவிலைப் பூண்டு. ஈரநிலத்தில் மண்டிக் கிடக்கும், வெளிர்சிவப்புப் பூப் பூக்கும் கொனிச்சினா.

என்ன செனோன், சிரிக்கிறாய்? எழுந்து சொல், சபை கேட்கட்டும்.

"பேர்லயே குதிர இருக்கேம்மா! நம்ம மொழியில குதிரைன்னா கோன், இது கொனிச்சினா. கடவுளே குதிரைக்குன்னு வெச்ச பேரு. அது எப்படிக் கொல்லும்?"

"ஏன் செனோன், வேலியோரம் ஓநாய்ப்பால்னு ஒரு விஷச்செடி நிக்குதே, அத ஓநாயா கறக்குது? நாளைக்கு உன் காபியில ஊத்திக் குடி, பாப்போம்!"

சிரியுங்கள். சிரித்துவிட்டுக் கேளுங்கள். பெயரை நம்பி விதைத்தோம். பெயரை நம்பி மேயவிட்டோம். பெயரை நம்பி ஒரு நல்ல உயிரை இழந்தோம்!

சாதாரண வெள்ளைப்பூக் கொனிச்சினாவின் இலையில் வெளிறிய வளைகோடு இருக்கும், இதில் இராது. அந்தக் கோடு இருக்கிறதா என்றுதான் நான் மண்டியிட்டுத் தேடினேன். புல்லை ஒட்ட மேயவிட்டோம். தளர்ந்த புல்லின் இடத்தை இது பிடித்துக்கொண்டது. இந்த ஆண்டு நிலம் ஓயட்டும். மக்கிய சாணமிடுங்கள், புல் தழைத்து இதை நெருக்கும். விதை பிடிக்குமுன் அறுங்கள். அறுத்ததைக் குதிரைக்குப் போடாதீர்கள். இந்த விதை கலந்த மூட்டையை இனி வாங்காதீர்கள்.

ஆனால் நீங்களோ வசந்த மேய்ச்சல் தொடங்கும் புனித வோய்ச்செக் திருநாளன்று கீழ்ப்புல்வெளியின் கதவைக் குதிரைகளுக்குத் திறப்பதாக முடிவெடுத்திருக்கிறீர்கள். எனக்கு இனிக் குதிரை இல்லை. கதவு திறந்தாலும் மூடினாலும் என் கொட்டில் காலிதான். செனோன், உன் வீட்டில் புதிதாகப் பிறந்திருக்கும் குட்டிக்கு நெற்றியிலிருந்து மூக்குவரை வெள்ளை. இப்போது ஏன் சிரிக்கவில்லை?

பொறுமையாகக் கேட்ட உங்களுக்கு நன்றி. பாலாடை கொண்டுவந்த ஒவ்வொரு கைக்கும் நன்றி. தலைவர் அவர்களே, தலையை ஆட்ட வேண்டாம். தலையாட்டலைக் கதவில் ஒட்ட முடியாது. அந்தக் கதவு திறக்குமா, மூடியிருக்குமா? திருநாளுக்கு முன், உங்கள் கையெழுத்துடன், எனக்கு எழுத்தில் பதில் தாருங்கள்.