புஷ்பவள்ளியின் மூச்சு

இரவு ஒரு மணி இருக்கும். சிதம்பரத்திலிருந்து கடலூர் வருகிற ரோடு. பரங்கிப்பேட்டைப் பிரிவு தாண்டியதும் ஆள் நடமாட்டமே கிடையாது. ஒரே ஒரு ஆம்புலன்ஸ் வந்துகொண்டிருந்தது… சைரன் போடாமல்.

என் கூட வேலை பார்க்கிற அன்பரசு இருக்கிறானே, அவனுடைய சித்தப்பாவுக்கு நடந்தது இது. பெயர் கொளஞ்சி. கடலூர் முதுநகர் துறைமுகத்தில் ஐஸ் வண்டி ஓட்டுகிறவர். அன்றைக்கு அந்த ஆம்புலன்ஸின் பின்பக்கம் அவர் மட்டும்தான் உட்கார்ந்திருந்தார். எதிரே ஸ்ட்ரெச்சரில், தலை முதல் கால் வரை துணி மூடி, அவர் மனைவி புஷ்பவள்ளி.

இருதயம் வீங்கி, கிட்னியும் போய்விட்டது அவளுக்கு. சிதம்பரம் ஆஸ்பத்திரியில் சேர்த்த அன்றே டாக்டர் அனுப்பிரியா இருவரையும் வைத்துக்கொண்டு பேசினார்.

"இருதயம் நின்னுட்டா நெஞ்ச அழுத்திப் பாக்கலாம். வாயில குழாய் போடலாம். ஆனா நோய் சரியாவாது. கொஞ்ச நேரம் கெடைக்கும், அதுவும் வலியோட. என்ன செய்யணும்னு நீங்கதான் சொல்லணும்."

புஷ்பவள்ளி யோசிக்கவே இல்லை. "வேணாம் மாமா. நிக்கிறப்ப நின்னுட்டுப் போவட்டும். நீ என் கைய மட்டும் புடிச்சிக்க."

கொளஞ்சி சரி என்றார்.

ஆனால் அவள் கண் சொருகி, மானிட்டர் ஒரே சத்தமாகக் கத்தியபோது… அவரால் முடியவில்லை. "எதாவது பண்ணுங்கம்மா! காப்பாத்துங்கம்மா!" என்று கத்திவிட்டார். அழுத்தினார்கள். நாலாவது அழுத்தில் உள்ளே எலும்பு முறிகிற சத்தம் அவர் காதில் விழுந்தது.

அவள் திரும்பி வந்தாள். வாயில் குழாயோடு இரண்டு நாள் கிடந்தாள். பேச முடியாது. கண்ணீர் மட்டும் காதுப்பக்கம் வழியும். மறுபடி இருதயம் நின்றபோது டாக்டர் கொளஞ்சியின் முகத்தைப் பார்த்தார்.

"வேணாம்மா… வுட்டுடுங்க."

இப்போது வண்டிக்குள் ஸ்பிரிட் வாடை. ஜன்னல் இடுக்கில் உப்பங்காற்று. புதுச்சத்திரம் தாண்டியிருப்பார்கள்…

"ஹ்ம்…"

துணிக்குள்ளிருந்து. பாதி மூச்சு. முழுசாக இழுக்க முடியாமல் நடுவிலேயே பிடித்துக்கொள்கிற மூச்சு. மறுபடி… "ஹ்ம்…"

வண்டியைத் திருப்பச் சொல்லிக் கத்த வாய் திறந்துவிட்டார். இரண்டு கையும் அவள் நெஞ்சுக்கு மேலே போய்விட்டன. இன்னும் ஒரு விரற்கடைதான்.

அழுத்தவில்லை. கையை இழுத்துக்கொண்டார். துணிக்குள் துழாவி அவள் கையைப் பிடித்தார். வெதுவெதுப்பாக இருந்தது.

"நா ஒண்ணும் பண்ண மாட்டேன் புள்ள… நீ போ," என்றார். சொல்லிவிட்டுத் தேம்பித் தேம்பி அழுதார்.

அந்த மூச்சு கூடவே வந்தது. ஆலப்பாக்கம் தாண்டி வண்டி நின்றது. முன்கதவு திறந்து மூடுகிற சத்தம். அதோடு மூச்சும் நின்றது. அவர் பிடித்திருந்த கை சில்லிட்டுப்போனது.

முதுநகர் வீட்டில் உடம்பை இறக்கி வைத்தார்கள். பெண்கள் ஓலமிட ஆரம்பித்தார்கள். டிரைவர் திருநாவுக்கரசு கொளஞ்சியைத் தனியாகக் கூப்பிட்டார்.

"அண்ணே… எம்பக்கத்துல உக்காந்து வந்த அக்கா யாரு? நீங்கதான் ஏறச் சொன்னீங்கன்னாங்க."

"நா யாரையும் ஏறச் சொல்லலியேப்பா," என்றார் கொளஞ்சி.

"வழி பூரா நெஞ்சப் புடிச்சிக்கிட்டே வந்தாங்க பாவம். மூச்சு வுட்டாலே வலிக்குதாம். ஆலப்பாக்கம் தாண்டுனதும் நிறுத்துப்பான்னாங்க. அங்க ஒரு வீடுகூட இல்லண்ணே, ஒரே இருட்டு… எறங்கி நின்னு, மூச்ச நல்லா இழுத்து வுட்டாங்க. என்னப் பாத்து சிரிச்சிட்டு, 'இப்ப வலிக்கலப்பா'ன்னாங்க."